பதினாலு படி

தலையை ஆட்டாத தாரணி, வகிடு கோணிக்கிட்டுப் போகுது. சொல்லிட்டேனே தவிர, அவ எங்க ஆட்டினா, ஆடுறது என் கைதான். நடு உச்சியில சீப்பை வச்சு இழுத்தா நேரா வர வேண்டிய வகிடு இடது காதுப் பக்கமா ஓடுது, அழிச்சிட்டு இழுக்கிறேன், அழிச்சிட்டு இழுக்கிறேன், இது நாலாவது தடவை. எட்டரைக்கு எஸ்.ஐ. அம்மா வர்றாங்க. அதுக்குள்ள ரெண்டு ஜடை பின்னி, ரிப்பன் கட்டி, பவுடர் பூசி உட்கார வச்சிரணும். எதுத்த வீட்டு காளீஸ்வரி அக்கா நேத்தே சொல்லிட்டுப் போயிட்டா, 'பிள்ளையைப் பளிச்சுன்னு வை சந்தனமாரி, அழுத மூஞ்சியா இருந்தா போலீசுக்குச் சந்தேகம் வரும்'னு. பளிச்சுன்னு வைக்கணுமாம். தாரணி போலீஸ்கிட்ட சொல்ல வேண்டியது ரெண்டே ரெண்டு வரி. அந்தம்மா என் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. மிட்டாய் தர்றேன், எங்கூட வான்னு கூப்பிட்டாங்க. இவ்வளவுதான், பதினாறாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமச் சொல்றவளுக்கு இது என்ன பெரிய பாடமா? இந்த ரெண்டு வரியைச் சொல்லிட்டா, போலீஸ் பிடிச்சு உள்ள வச்சிருக்கிற காளீஸ்வரி அக்கா மகன் அழகுராஜாவும் அவன் கூட்டாளிக ரெண்டு பேரும் பிள்ளையைக் காப்பாத்தின பையங்க ஆயிருவாங்க. நான் பிள்ளைக்காகப் பதறின தாய் ஆயிருவேன். மதுரை ஆஸ்பத்திரியில மண்டை பிளந்து நினைவில்லாமக் கிடக்கிற அந்த முடிக்காரம்மா, பிள்ளை பிடிக்கிறவ ஆயிருவா. மூணு நாளா இதையேதான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்.

எண்ணெய் கொஞ்சம் கூடிப்போச்சு. சிக்கு எடுக்கணும் முதல்ல. சீப்போட வர்ற முடியை விரல்ல சுத்திச் சுருட்டி வழக்கம்போல ஜன்னல் கம்பியில சொருகப் போனேன், கை பாதியில நின்னுபோச்சு. எங்க தெருவுல எல்லா வீட்டு ஜன்னல்லயும் இப்படி ஒரு முடி உருண்டை இருக்கும். குப்பையில போட மாட்டோம், சேர்த்து வச்சு முடிக்காரர் வந்தாப் போடுவோம், அவரு கைத்தராசுல நிறுத்து அதுக்குத் தக்கன கிளிப்போ கிண்ணமோ குடுப்பாரு. எப்பவும் வர்றது சைக்கிள்ல ஒரு பெரியவரு. அன்னைக்கு வந்தது இந்தம்மா. புது ஆளு. சிவப்புச் சேலை, தோள்ல பெரிய பை, 'முடிக்குக் கிண்ணம், முடிக்கு ரிப்பன்'னு ஒரு குரல். தாரணி தான் சேர்த்து வச்ச பாலிதீன் பையைத் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கா, மஞ்சள் ரிப்பனுக்கு ஆசைப்பட்டு. நான் மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். எட்டிப் பார்த்தா, எம்பிள்ளை ஜடை அந்தம்மா கையில. இன்னொரு கையில கத்திரி. இதுதான் நான் பார்த்தது, சத்தியமா இதைத்தான் பார்த்தேன், இதுல பொய் இல்லை. ரிப்பனை அளந்து வெட்டி, அவிழ்ந்து கிடந்த ஜடையை எம்பிள்ளைக்குக் கட்டி விட்டுக்கிட்டு இருந்திருக்கு அந்தம்மா. தாரணி அதை அன்னைக்கு ராத்திரியே என்கிட்ட சொல்லிட்டா. 'உங்கம்மா இறுக்கிப் பின்னலையா, இந்தா வா நான் கட்டி விடுறேன்'னாங்களாம். ஏன், இறுக்கித்தான் பின்னினேன், காலையில தறி செட்டுக்கு ஓடுற அவசரத்துல எவ இழைச்சு இழைச்சுப் பின்னிக்கிட்டு இருப்பா? அடச்சீ, இப்பவும் எனக்கு ரோஷம்தான் வருது பாரு.

மூணு பிரியா எடு. வலது, நடு, இடது. வலதைத் தூக்கி நடுவுல போடு. எனக்கு அந்த வாரம் முழுக்க கண்ணு அதுலதான் இருந்துச்சு, ஃபோன்ல. தறி செட்டுல டீ குடிக்கிற நேரம், பஸ்ல வர்ற நேரம், குழம்பு கொதிக்கிற நேரம். ஒரு வீடியோவுல யாரோ ஒரு பொம்பளையைக் கம்பத்துல கட்டி வச்சிருக்காங்க, கீழ எழுத்துல 'பிள்ளை பிடிக்கும் கும்பல் நம் மாவட்டத்தில், 400 பேர் இறங்கியுள்ளனர், பகிருங்கள்'னு. எந்த ஊரு, எந்த வருஷம், ஒண்ணும் கிடையாது. நானூறுன்னு எண்ணினது யாரு? எவன் எண்ணியிருப்பான், பஸ்ஸ்டாண்டுல நின்னு டிக்கெட்டா கிழிச்சான்? அன்னைக்கு இதைக் கேட்கத் தெரியலை எனக்கு. இன்னைக்குக் கேட்கிறேன், கெட்டிக்காரி. ஒவ்வொண்ணையும் பார்க்கப் பார்க்க வயித்துக்குள்ள ஒரு பயம், பயத்துலயும் ஒரு இனிப்பு, அடுத்தது வந்திருக்கான்னு தேடத் தோணும். பார்த்துட்டு நானும் ரெண்டு பேருக்குத் தள்ளி விடுவேன், நம்மளால ஒரு பிள்ளை பிழைச்சா நல்லதுதானேன்னு. 'அம்மா, இழுக்குது'ங்கிறா தாரணி. சரி சரி, இழுக்கலை.

எங்க தெருவுல என் குரலுக்கு ஒரு மரியாதை உண்டு, அதைச் சொல்லணும். அதுதான் வினையே. இந்த ஊர்ல எட்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி வரும், எப்ப வரும்னு கடவுளுக்குத்தான் தெரியும். எங்க வீடுதான் தெருவுல முதல் வீடு, வால்வு எங்க வாசல்ல. குழாய்ல காத்து சீறுற சத்தம் கேட்டாலே எனக்குத் தெரிஞ்சிரும். அதனால பரமசிவம் அண்ணாச்சி மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு க்ரூப்பு ஆரம்பிச்சாரு, 'தண்ணி வந்தாச்சு'ன்னு பேரு, நூத்திப் பன்னெண்டு பேரு. என் வேலை வாய்ஸ் போடுறது. 'ஏய் எல்லாரும் வாங்க, தண்ணி வந்தாச்சு, ஓடி வாங்க!' எழுதிப் போட்டா எவனும் பார்க்க மாட்டான், என் சத்தம் கேட்டாப் போதும், தூங்குறவன் எந்திரிச்சு ஓடி வருவான். ஒரு தடவைகூட நான் பொய்யாச் சொன்னது கிடையாது. சந்தனமாரி சொன்னா வந்திருக்கும். மறுபேச்சு கிடையாது, குடத்தைத் தூக்கிக்கிட்டு வரவேண்டியதுதான். அப்புறம் வரிசையா கும்பிடு, கைதட்டு, பூ, 'நன்றி அக்கா', 'நீங்க இல்லைன்னா நாங்க என்ன ஆவோம்'. எங்க வீட்டுக்காரரு தனபால் என்கிட்ட இப்படி ஒரு வார்த்தை சொல்லிப் பதினோரு வருஷம் ஆச்சு, கல்யாணம் ஆகியும் பதினோரு வருஷம்தான் ஆச்சு. அந்தக் கும்பிடெல்லாம் எண்ணிப் பார்ப்பேன். வெட்கமாத்தான் இருக்கு சொல்ல. எண்ணுவேன்.

அந்த க்ரூப்புலதான் போட்டேன். மாடியில நின்னபடி, ஈரத்துணி தோள்ல கிடக்க, கட்டைவிரலை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, 'எல்லாரும் ஓடி வாங்க, பிள்ளை பிடிக்கிறவ நம்ம தெருவுக்குள்ள வந்துட்டா, எம்பிள்ளையைப் பிடிச்சிட்டா, சிவப்புச் சேலை, பெரிய பை வச்சிருக்கா, கையில கத்திரி இருக்கு, விட்டுறாதீங்க, ஓடி வாங்க!' முப்பத்தெட்டு செகண்டு. அதே குரல், அதே ஓடி வாங்க. ஓடி வந்தாங்க. ஆனா எனக்கு உள்ள உறுத்திக்கிட்டு இருக்கிறது அது இல்லை. எங்க மாடிக்குப் பதினாலு படி. தினமும் ஏறி இறங்குறேன், எனக்குத் தெரியாதா, பதினாலு. மெதுவா இறங்கினாலும் இருபது செகண்டு ஆகாது. பெத்த பிள்ளையை ஒருத்தி பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போறான்னு நெசமா நம்புற தாய் என்ன செய்வா? படியிலயா இறங்குவா, கைப்பிடிச் சுவர்ல இருந்து குதிக்க மாட்டா? தாரணின்னு ஒரு கத்து கத்தியிருந்தாக்கூடப் போதும், அந்தம்மா நிமிர்ந்து பார்த்து, 'ரிப்பன் கட்டுறேன் தாயி'ன்னு சொல்லியிருக்கும், முடிஞ்சு போயிருக்கும். நான் கத்தலை. இறங்கலை. நின்னு, முழுசா முப்பத்தெட்டு செகண்டு பேசி, அனுப்பி, ரெண்டு டிக்கு விழுந்துச்சான்னு பார்த்துட்டு, அதுக்கப்புறம் இறங்கினேன். அப்ப நான் நம்பினேனா இல்லையா? பயந்தது நெசம். ஆனா முதல்ல சொல்றது நானா இருக்கணும்னு ஒண்ணு உள்ள துடிச்சுச்சே, அது என்னது? மூணு நாளா அந்தப் படியில ஏறி இறங்கிக்கிட்டே இருக்கேன் மனசுக்குள்ள, பதினாலாவது படிக்கு வந்ததும் திரும்ப மாடியில நிக்கிறேன்.

ரப்பரை எடு தாரணி. கறுப்பு ரப்பர். அவ குனிஞ்சு எடுத்து, திரும்பிப் பார்க்காம தோளுக்கு மேல கையை நீட்டுறா. பேச மாட்டேங்கிறா என்கிட்ட. அன்னைக்கு ராத்திரி சொன்னதோட சரி, அப்புறம் இழுக்குது, வலிக்குது, பசிக்கலை, நேத்து ஒரே ஒரு கேள்வி, இவ்வளவுதான் மூணு நாளா. அவ எல்லாத்தையும் பார்த்துட்டா. நான் கீழ வர்றதுக்குள்ள அங்க இருபது பேரு, அப்புறம் அம்பது பேரு, என்னாலயே உள்ள போக முடியலை. என் பிள்ளை எங்கன்னு தேடுறேன், அவ அந்தம்மா சேலைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா! எல்லாரும் அடிக்கிறாங்க, எம்பிள்ளை அவளைப் பிடிச்சுக்கிட்டு 'அடிக்காதீங்க மாமா'ங்கிறா. அழகுராஜா தாரணியைத் தூக்கி என் கையில குடுத்துட்டு, 'பிள்ளையை மயக்கிட்டா பாருங்கக்கா, மருந்து போட்டிருக்கா'ன்னு சொல்லிட்டுத் திரும்பப் போனான். நல்ல பையன் அவன். தண்ணி வர்ற நாள்ல நாலு குடத்தை எனக்குத் தூக்கிக் குடுப்பான். அந்தக் கையிலதான் விறகுக் கட்டை இருந்துச்சு. அந்தம்மாகிட்ட உன் பேரு என்ன, உன் பேரு என்னன்னு கேட்டாங்க. பேரு சொல்லலை மேடம், அதான் சந்தேகம்னு இப்பத் தெருவே சொல்லுது. ஒருத்தன் பேரு கேட்கிறான், ஒருத்தன் ஊரு கேட்கிறான், ஒருத்தன் ஆதார் எங்கங்கிறான், ஒருத்தி வாயிலயே குத்துறா, எதுக்குன்னு பதில் சொல்லும் அந்தம்மா? பிறகுதான் தெரிஞ்சுச்சு, பேரு வெள்ளத்தாய். ஊரு வடக்கயும் இல்லை, தெற்கயும் இல்லை, இங்கிருந்து மூணாவது ஸ்டாப்பு. அவங்க ஊர் மாரியம்மன் பொங்கலுக்கு நான் போயிருக்கேன். நாலு பேரு சுத்தி நின்னு வீடியோ எடுத்தாங்க. அதுல ஒரு ஓரத்துல நான் தெரியுறேனாம், வாயில கை வச்சுக்கிட்டு நிக்கிறேனாம். நிறுத்துங்கடான்னு சொன்னேனா? சொன்னேன்னுதான் நினைக்கிறேன். வீடியோவுல சத்தம் இல்லை.

நேத்து அந்தம்மா மக வந்திருந்தா. இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும், இடுப்புல கைப்பிள்ளை. தெருமுனையில இருந்து ஒவ்வொரு கதவாத் தட்டினா. 'எங்கம்மா பை இங்க கிடக்கான்னு பார்க்க வந்தேன், உள்ள ஆஸ்பத்திரி அட்டை இருக்கு, சுகர் மாத்திரைச் சீட்டு இருக்கு, டாக்டர் கேட்கிறாரு.' ஒரு கதவும் திறக்கலை. முதல் வீடு எங்க வீடு, முதல்ல தட்டினது என் கதவு. நான் கதவுக்கு இந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கிட்டு நின்னேன். 'யக்கா, உள்ள இருக்கீங்களா? ஃபேன் ஓடுற சத்தம் கேட்குதே.' திட்டியிருந்தாத் தேவலை. மண்ணை வாரித் தூத்தியிருந்தாத் தேவலை. யக்கான்னு கூப்பிட்டா. பை எங்க போச்சுன்னு எனக்கும் தெரியாது, வாய்க்கால்ல கிடந்ததை யாரோ எரிச்சுட்டாங்கன்னு பேச்சு. தாரணி கதவையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா. அந்தப் பொண்ணு போன பிறகு, தலையைக் குனிஞ்சபடியே 'ஏம்மா திறக்கலை'ன்னு கேட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'படிக்கிற வேலையைப் பாரு'ன்னேன்.

இடது பக்கம் ஆரம்பிக்கணும். அதுக்குள்ள வாசல்ல காளீஸ்வரி அக்கா. குளிச்சு, நெத்தி நிறைய துன்னூறு, கண்ணு ரெண்டும் வீங்கி. 'ஆச்சா? என்னத்தா தாரணி, சொல்லு பார்ப்போம் ஒரு தடவை.' தாரணி ரிப்பனை எடுத்து விரல்ல சுத்துறா. 'சொல்லு தங்கம், உங்க அழகு அண்ணன் வீட்டுக்கு வர வேண்டாமா?' அக்கா என் பக்கம் திரும்பினா. 'சந்தனமாரி, நான் உன்கிட்ட ஒண்ணும் கேட்கலை. உன் குரலைக் கேட்டுத்தான் எம்புள்ளை ஓடினான். சோத்துத் தட்டுல கையை வச்சவன், கை கழுவாம ஓடினான். அந்த வாய்ஸ் யாருதுன்னு ஸ்டேஷன்ல எத்தனை தடவை கேட்டிருப்பாங்க? எவன் வாயாவது திறந்துச்சா? வேற க்ரூப்புல இருந்து வந்துச்சுன்னுதான் நூத்திப் பன்னெண்டு பேரும் சொல்லுது. உனக்காகத்தாண்டி.' எனக்காகத்தான். அண்ணாச்சி க்ரூப்பையே கலைச்சுட்டாரு. அந்த வாய்ஸை நான் அழிச்சேன், எல்லாரும் அழிச்சாங்க, தெருவே கோயில்ல கூடி உட்கார்ந்து என்னைக் காப்பாத்திட்டு, அதுக்கு ஈடா ரெண்டு வரி கேட்குது. இதுல நான் எந்தப் பக்கம் நிக்க? அழகுராஜாவுக்கு இருபத்தி மூணு வயசு. அந்தம்மா செத்துப் போச்சுன்னா கொலைக்கேசாம். பேசாம இருன்னு தனபால் காலையில சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டாரு, பெரிய மகராசன், சட்டை பட்டனைப் போட்டுக்கிட்டே சொல்லிட்டுப் போயிட்டாரு. 'சொல்லுவாக்கா'ன்னேன் நான். தாரணி முதுகு கல்லாட்டம் விறைச்சுச்சு என் முட்டியில.

எஸ்.ஐ. அம்மா பத்து நிமிஷம் முன்னாலயே வந்துட்டாங்க. சின்னப் பொண்ணுதான், என் தங்கச்சி வயசு. ஒரு கான்ஸ்டபிள், கையில ஃபைலு. பின்னால அண்ணாச்சி, அவருக்குப் பின்னால பாதித் தெரு. 'பின்னுங்க பின்னுங்க, அவசரம் இல்லை'ன்னு சொல்லி எங்க ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க. 'பாப்பா பேரு என்ன?' அப்பத்தான் என் ஃபோன் அடிச்சுச்சு. சுகுணா. என் சித்தி மக, திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கிறவ. கட் பண்ணினேன். திரும்ப அடிச்சுச்சு. எடுங்கன்னாங்க எஸ்.ஐ. அம்மா. கையெல்லாம் எண்ணெய், வழுக்கி விரல் எங்கேயோ பட்டு ஸ்பீக்கர்ல போயிருச்சு. 'அக்கா! தாரணி பத்திரமா இருக்காளா? இங்க எங்க காம்பவுண்டுல ஒருத்தியைப் பிடிச்சிட்டாங்கக்கா! உங்க ஊர்ல பிடிச்சாங்கள்ல, அதே கும்பல். வாய்ஸ் வந்துச்சு எங்க கம்பெனி க்ரூப்புல, யாரோ ஒரு தாயி கதறி அழுகுது, பெரிய பை வச்சிருக்கும், கத்திரி வச்சிருக்கும்னு. இவளும் பெரிய பை வச்சிருக்கா. கேட்டா வீடு தேடி வந்தேங்கிறா. இரும்பு கேட்டுல கட்டி வச்சிருக்காங்க, பசங்க எல்லாம் வந்துக்கிட்டு இருக்காங்க. இந்தா, நீயே கேளு.' அவ பக்கத்துல யாரோ இன்னொரு ஃபோன்ல அதைப் போட்டாங்க. எங்க வீட்டுக்குள்ள, எஸ்.ஐ. அம்மாவுக்கும் அண்ணாச்சிக்கும் நடுவுல, என் குரல் வந்துச்சு. எல்லாரும் ஓடி வாங்க. எவனோ முன்னால ஒரு அழுகைச் சத்தத்தை ஒட்ட வச்சிருக்கான், பின்னால ஏதோ மேளம் மாதிரி இடிக்குது. ஆனா என் குரல்தான். நான் அழிச்சேனே. எல்லாரும் அழிச்சோமே. அது பாட்டுக்கு ஊர் ஊராப் போய் ஆளைக் கூட்டிக்கிட்டு இருக்கு.

காளீஸ்வரி அக்கா என்னையே பார்த்தா. தலையை ஆட்டினா, வேண்டாம்னு, ரொம்ப லேசா. சொல்லிட்டா அவ மகன் உள்ள, நானும் உள்ள, தாரணிக்கு ஜடை பின்ன ஆள் இல்லை. சொல்லலைன்னா இன்னொரு பொம்பளை. ஃபோன்ல கும்பல் சத்தம் கேட்குது, எனக்குத் தெரியும் அந்தச் சத்தம், முதல் அடி விழுறதுக்கு முன்னால அப்படித்தான் இருக்கும், எல்லாரும் கேள்வி கேட்பாங்க. யோசிச்சேனா? யோசிக்கலை. 'ஏய் சுகுணா! அது நாந்தாண்டி! அந்தக் குரல் என் குரல்டி! பொய்யி! பிள்ளையை யாரும் பிடிக்கலை, ரிப்பன் கட்டி விட்டுச்சு அந்தம்மா! நிறுத்தச் சொல்லு!' சுகுணா, 'என்னக்கா உளர்ற, யாருக்கும் காதுல விழலை'ங்கிறா. அப்புறம், 'எனக்கு வாய்ஸாப் போடுக்கா, அப்பத்தான் கேட்பாங்க, நான் எங்க க்ரூப்புல தள்ளி விடுறேன்'னா. போட்டேன். ஃபோனைக் கட் பண்ணிட்டு, எஸ்.ஐ. அம்மா முன்னால, காளீஸ்வரி அக்கா முன்னால, எண்ணெய்க் கட்டைவிரலை அமுக்கி, என் பேரு, தெருப் பேரு, நான் மாடியில நின்னது, பொய் சொன்னது, அடி வாங்கினவங்க பேரு வெள்ளத்தாய்ங்கிறது, எல்லாத்தையும். எத்தனை செகண்டுன்னு பார்க்கலை. அக்கா அப்படியே சுவரோட சரிஞ்சு உட்கார்ந்துட்டா. எஸ்.ஐ. அம்மா ஒரு கையில திருப்பூர் ஸ்டேஷனுக்கு அடிச்சுக்கிட்டே, இன்னொரு கையால என்னைப் பேசு பேசுன்னு காட்டினாங்க.

'போட்டுட்டேன்க்கா, கேட்டாங்க,' திரும்பக் கூப்பிட்ட சுகுணா அழுகுறா இப்ப. 'ரெண்டு மூணு பேரு விலகிட்டாங்க. மத்தவங்க நம்ப மாட்டேங்கிறாங்க. இது கும்பலோட ஆளு பேசுறதுங்கிறாங்க. ஒருத்தரு கேட்கிறாரு, இது நெசம்னு என்ன ஆதாரம்னு.'

ஆதாரமா? எனக்குச் சிரிப்பு வந்துச்சு, சத்தியமா வந்துச்சு, வாயைப் பொத்திக்கிட்டேன். அந்த முப்பத்தெட்டு செகண்டுக்கு எத்தனை ஊரு, எத்தனை ஆயிரம் பேரு, ஒருத்தன் கேட்டானாடா? நான் கேட்டேனா என்னையே? 'வீடியோ போடு சுகுணா'ன்னேன். அவ ஃபோனை அந்தப் பக்கம் திருப்பினா. இரும்பு கேட்டு, சுத்தி ஆம்பளைங்க, பனியன் கம்பெனி ஐ.டி. கார்டு கழுத்துல தொங்க, நம்ம வீட்டுப் பையங்க மாதிரிதான் இருக்காங்க. நடுவுல ஒரு பொம்பளை. சிவப்புச் சேலைகூட இல்லை, பச்சை. கை ரெண்டும் துண்டால கட்டியிருக்கு, உதட்டுல ரத்தம். நான் ஜென்மத்துல பார்க்காத மூஞ்சி. ஒருத்தன் கட்டையைத் தூக்கிட்டான். உண்மையைச் சொன்னா ஆதாரம் கேட்கிறாங்க, என்கிட்ட ஏது ஆதாரம்? அடிவயித்துல இருந்து கத்தினேன், தண்ணிக்குக்கூட நான் அப்படிக் கத்தினது இல்லை. 'டேய்! அது எங்க சின்ன மாமியாடா! எங்க வீட்டுக்காரரோட சித்திடா! சுகுணா வீட்டைத் தேடி வந்திருக்கு, நாந்தாண்டா அனுப்பினேன், அவுத்து விடுங்கடா பாவிகளா!'

கட்டை இறங்கிருச்சு. ஒருத்தன் 'அட, சொந்தக்காரங்களா'ன்னான். இன்னொருத்தன் துண்டை அவுத்துக்கிட்டே, 'முதல்லயே சொல்லக் கூடாதாம்மா'ங்கிறான் அந்தம்மாகிட்ட. யாரோ தண்ணி பாட்டில் நீட்டுறான். அம்புட்டுப் பேரும் நம்பிட்டாங்க, ஒருத்தன்கூட ஆதாரம் கேட்கலை. நான் ஃபோனைக் கீழ வச்சேன், எஸ்.ஐ. அம்மா ஃபைலைத் திறந்து பேனா மூடியைக் கழட்டிக்கிட்டு இருந்தாங்க, தாரணி மூணு நாளுக்கு அப்புறம் என் மூஞ்சியை நிமிர்ந்து பார்த்து, 'அவங்க யாரும்மா?'ன்னு கேட்டா.

'தெரியலைடா'ன்னேன்.